இரவு இரண்டு மணிப் புட்டு: மெலிய வெளிக்கிடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தங்கச்சியின் கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது மெலிய வேண்டும் என்று முடிவெடுத்தேன். வழி ஒன்றையும் யாரிடமும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த வழிதானே: காலையில் ஒரு பிளேன்டீ, மத்தியானம் இரண்டு கிறீம் கிறாக்கர், இரவு கொஞ்சம் சோறு. முதல் கிழமையிலேயே நிறை இரண்டு கிலோ இறங்கியது. கந்தோரில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன்.

நாலாம் கிழமை ஒரு நாள் இரவு இரண்டு மணி. குசினியில் லைட்டைப் போடாமல், பிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடி, மிஞ்சிக் கிடந்த புட்டைச் சட்டிக்குள் கொட்டி, மீன் குழம்பின் அடியை வழித்து வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் அம்மா வந்து நின்றது தெரியவில்லை.

"என்ன பிள்ளை, கள்ளன் மாதிரி நிண்டு தின்னுறாய்? பகலில சாப்பிட்டா ஆரும் அடிக்கிறாங்களே?"

பதில் சொல்ல வாயில் இடமில்லை. அடுத்த கிழமை ஒரு வரிசையில் நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற ஐயா ஒருவர் என்னைப் பிடித்து இருத்தி, சேட் பொக்கற்றில் இருந்த ரொபியை எடுத்துத் தந்தார். கல்யாணத்துக்கு மூன்று கிலோ குறைந்திருந்தேன். கல்யாணம் முடிந்து இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ கூடியிருந்தேன்.

பிறகு வாசித்தும், ஆஸ்பத்திரியில் கேட்டும், என் உடம்பிலேயே செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை இப்போதுதான் மெலியத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை. மருந்து எடுப்பவர்களுக்கு ஒரு தனிப் பகுதி கீழே இருக்கிறது. அவர்கள் அதை முதலில் வாசித்துவிட்டு வரலாம்.

தராசு முதல் கிழமையில் சொல்வதை நம்ப வேண்டாம்

சோறு, பாண், புட்டு, இடியப்பம் எல்லாவற்றிலும் உள்ள மாச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைக்கோஜன் என்ற வடிவில் சேர்த்து வைக்கிறது. ஈரலில் ஏறத்தாழ 100 கிராம், தசைகளில் 400 கிராம் அளவில் இருக்கும். அந்த ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவு தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கிறது. சாப்பாட்டை விட்டதும் இந்தக் கையிருப்புத்தான் முதலில் கரையும். அதோடு தண்ணீரும் போகும். தராசு கிடுகிடுவென்று இறங்குவது இதனால்தான். இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டால் அப்படியே திரும்பி வந்துவிடும்.

கொழுப்பு அவ்வளவு இலேசில் போகாது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. ஒரு கிழமையில் இரண்டு கிலோ கொழுப்புக் கரைய வேண்டுமென்றால் நாளுக்கு 2,200 கலோரி துண்டு விழ வேண்டும். நான் நாள் முழுக்கச் சாப்பிட்டதே அவ்வளவு வராது. ஆக, கந்தோரில் நான் பெருமையடித்த இரண்டு கிலோவில் பெரும்பங்கு தண்ணீர். நாளுக்கு 500 கலோரி குறைத்தால் கிழமைக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். கேட்கச் சப்பென்று இருக்கும், ஆனால் அது கொழுப்பு.

இன்னொன்றும் போகிறது, அது தசை. மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும். வெளியிலிருந்து நீண்ட நேரம் வராவிட்டால், ஈரல் புரதத்தை உடைத்தும் அதைச் செய்துகொள்ளும். நாளுக்கு நாள் வேளை விட்டு, மீன் முட்டை பருப்பு எல்லாமும் குறைந்து, உடம்புக்கு அசைவும் இல்லாவிட்டால், குறைகிற நிறையில் ஒரு பங்கு தசையாக இருக்கும். முகம் வாடி, கழுத்தெலும்பு தெரிந்து, வயிறு மட்டும் அப்படியே நிற்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள்.

வேளை விட்டால் உடம்பு கொழுக்குமா?

இதில் இரண்டு பக்கமும் மிகைப்படுத்தல் இருக்கிறது. "காலமைச் சாப்பாட்டை விட்டா உடம்பு பயந்து கொழுப்பைச் சேர்க்கத் தொடங்கும்" என்று ஒரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. ஒருவேளை இரண்டு வேளை விட்டால் அப்படி ஒன்றும் நடக்காது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் செய்து 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆறு கிழமை காலைச் சாப்பாடு விட்டவர்களுக்கும் சாப்பிட்டவர்களுக்கும் ஓய்வில் உடம்பு எரிக்கும் சக்தியில் வித்தியாசம் வரவில்லை. வந்தது வேறொரு வித்தியாசம்: காலையில் சாப்பிடாதவர்கள் தங்களை அறியாமலே குறைவாக அசைந்தார்கள். எனக்கு இது நன்றாகப் புரியும். அந்த நாட்களில் மேல்மாடிக்கு ஒரு பைலைக் கொண்டுபோகக்கூட யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றப் பக்கத்தில், "எட்டு மணித்தியாலத்துக்குள் மட்டும் சாப்பிட்டால் போதும், எதையும் சாப்பிடலாம்" என்பவர்கள். 2022இல் சீனாவின் குவாங்சோ நகரில் 139 பேரை ஒரு வருடம் பார்த்த ஆய்வு வெளிவந்தது. கலோரியைக் குறைத்தவர்களும், அதே அளவு குறைத்து அதோடு காலை எட்டு முதல் மாலை நான்கு வரை மட்டும் சாப்பிட்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவுதான் மெலிந்தார்கள். நேரக் கட்டுப்பாடு தனியாக மந்திரம் ஒன்றும் செய்யவில்லை.

அப்படியென்றால் வேளை விடுவதில் என்ன பிழை? கணக்கில் பிழையில்லை. மத்தியானச் சோற்றை விட்டு, மிச்ச நாள் எப்போதும் போலவே சாப்பிட்டால் மெலியத்தான் செய்யும். அந்த "எப்போதும் போல" என்ற இடத்தில்தான் எல்லோரும் விழுகிறோம். வழமையாகச் சாப்பிடும் நேரத்தில் இரைப்பையிலிருந்து கிரெலின் என்ற ஹோர்மோன் கூடுகிறது, பசிக்கிறது. சாப்பிடாவிட்டால் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். "பசி கெட்டுப்போச்சு" என்போமே, அது. கெட்டுப்போனதாக நினைத்த பசி பின்னேரம் நாலு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் வட்டியோடு வந்து நிற்கும். அந்த நேரத்தில் யாரும் கீரை தேடுவதில்லை.

இது நீண்டுகொண்டே போனால் மனதையும் பிடிக்கும். 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 கிழமை அரைச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். நாளுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி. உடம்பு எரிக்கும் சக்தி வெகுவாகக் குறைந்தது. எரிச்சல், சோர்வு, குளிர். எந்நேரமும் சாப்பாட்டு நினைவு. சமையல் புத்தகங்களை வைத்துப் படித்தவர்களும் இருந்தார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் வயிறு நிறைந்த பிறகும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இருட்டுக் குசினியில் நின்ற என்னைப் பற்றி எழுதினதுபோல இருந்தது.

சாப்பாட்டை விடக்கூடாதவர்கள்

நீரிழிவுக்குக் கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட் போன்ற குளிசை எடுப்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள் தாமாக ஒரு வேளையும் விடக்கூடாது. குளிசை தன் வேலையைச் செய்யும், வயிற்றில் ஒன்றும் இருக்காது, இரத்தத்தில் சீனி விழுந்துவிடும். மெற்போமின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்துக் குறைவு. ஆனாலும் எந்தக் குளிசை என்பதைக் கிளினிக் கொப்பியைக் காட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கை நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம், காரணமில்லாத கோபம் எல்லாம் சீனி விழுவதன் அறிகுறிகள். மெஷினில் 70 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால், அல்லது மெஷின் இல்லாமல் அறிகுறி மட்டும் இருந்தாலும், மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடம் பொறுத்துத் திரும்பப் பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறினதும் ஒழுங்காக ஏதாவது சாப்பிட வேண்டும். ஆள் மயங்கிவிட்டால் வாய்க்குள் ஒன்றும் ஊற்றாதீர்கள், புரைக்கேறும். இலங்கையில் 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், 18 வயதுக்குக் குறைந்தவர்கள், வயோதிபர், சாப்பாட்டோடு முன்பு மனச்சிக்கல் பட்டவர்கள் ஆகியோரும் சாப்பாட்டை விடக்கூடாது. விடியக் காலை ரியூசனுக்கு வெறும் தேத்தண்ணியோடு ஓடும் பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாதவிடாயில் இரும்புச்சத்துப் போகிற வயது. அதில் சாப்பாட்டையும் விட்டு, சாப்பிடுகிற ஒரு வேளையோடும் தேத்தண்ணியைக் குடித்தால் (தேயிலை இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும்) இரத்தம் குறையாமல் என்ன செய்யும்? மாதவிடாய் தள்ளிப்போவது, மெலியத் தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில் தலைமயிர் கொத்துக்கொத்தாகக் கொட்டுவது எல்லாம் உடம்பு தரும் முறைப்பாடுகள்.

கடைசியாகப் பித்தப்பை. கொழுப்புள்ள சாப்பாடு போகும்போதுதான் அது சுருங்கிப் பித்தநீரை வெளியே தள்ளும். நீண்ட நேரம் வெறும் வயிறாகக் கிடந்தால் பித்தநீர் தேங்கும். மிக வேகமாக மெலிபவர்களுக்குப் பித்தப்பைக் கல் வருவது கூட என்று வைத்தியர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

சரி, இனி என்ன செய்வது?

முதற்படி: மெலிய வேண்டுமா என்று அளந்து பாருங்கள்

கிலோவில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை பிரியுங்கள். ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே ஆபத்துக் கூடத் தொடங்குகிறது, 27.5க்கு மேல் கூடுதலாக என்று உலக சுகாதார நிறுவனம் 2004இல் சொன்னது. 160 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு 23 என்பது ஏறத்தாழ 59 கிலோ. அதற்குக் கீழே நிற்பவர் சாறி பிளவுசுக்காக மெலிய வேண்டியதில்லை. தையல்காரரிடம் போனால் போதும்.

இடுப்பு அளவு அதைவிடப் பயனுள்ளது. தென்னாசியர்களில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் வயிற்றுக் கொழுப்புக் கூட. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். பெல்ட் கட்டும் இடத்தில் அளந்தால் எல்லா அப்பாமாரும் பாஸாகிவிடுவார்கள், வயிறு பெல்ட்டுக்கு மேலே அல்லவா தொங்குகிறது.

35 வயதைத் தாண்டியவர் என்றால் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நடக்கும் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்ரருக்கு ஒருமுறை போய்வாருங்கள். நிறை, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். எங்கே எந்த நாள் என்பதை உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்கலாம்.

இரண்டாம் படி: ஒரு கிழமை எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

என்ன, எத்தனை மணிக்கு, எவ்வளவு. தேத்தண்ணிச் சீனியையும் விடாமல். என் கொப்பியில் நாளுக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி இருந்தது. தட்டிய கரண்டி 4 கிராம் என்று வைத்தால் 40 கிராம் சீனி, 160 கலோரி. மத்தியானச் சோற்றை விட்ட நாளிலும் இந்தச் சீனி குறையவில்லை, கூடியிருந்தது.

மூன்றாம் படி: காலையில் மாவோடு புரதமும்

எங்கள் காலைச் சாப்பாட்டில் உள்ள குறை, அது முழுக்க மா. பாணும் சம்பலும், இடியப்பமும் சொதியும், புட்டும் வாழைப்பழமும் சீனியும் என்று வயிறு நிறையச் சாப்பிட்டாலும் பத்தரை மணிக்குப் பசிக்கும். "சாப்பிட்டும் பசிக்குது, பிறகேன் சாப்பிடுவான்" என்று விட்டுவிடுகிறோம். புரதம் சேர்ந்தால் பசி தள்ளிப் போகும். புட்டுக்குள் அவித்த பயறு சேர்த்து அவியுங்கள், அம்மம்மாக்கள் செய்ததுதான். இடியப்பம் எண்ணிக்கையில் இரண்டைக் குறைத்து ஒரு முட்டையை வையுங்கள். பாண் என்றால் சம்பலோடு பருப்பும். ஆறரை பஸ்ஸைப் பிடிப்பவர்கள் இரவே இரண்டு முட்டை அவித்து வைத்தால், விடிய ஒரு கதலிப்பழத்தோடு முடிந்தது.

குரக்கன் புட்டுப் பற்றி ஒரு வார்த்தை. கல்சியம் நிறைய, நார்ச்சத்தும் உண்டு, நல்ல சாப்பாடு. ஆனால் கலோரியில் அரிசிமாப் புட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. "குரக்கன்தானே" என்று இரண்டு நீத்துப்பெட்டி இறக்கினால் மெலிய மாட்டோம். மொட்டைக்கறுப்பன் சோற்றுக்கும் இதே கதை.

காலையில் உண்மையாகவே பசிக்காதவர்கள் சிலர் உண்டு. பெரும்பாலும் முதல்நாள் இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டவர்கள். ஒன்பது மணிக்குச் சாப்பிட்டாலும் குற்றமில்லை, மத்தியானத்துக்கு முன் ஏதோ ஒன்று ஒழுங்காகப் போகட்டும்.

நான்காம் படி: மத்தியானக் கோப்பை

இதில்தான் அதிகம் சேமிக்கலாம். ஒரு சாதாரண மத்தியானத்தை நினைத்துப் பாருங்கள். கோப்பையில் முதலில் விழுவது சோறு. அகப்பையால் மூன்று தரம். நடுவில் குழிபறித்துக் குழம்பு, ஓரத்தில் கத்தரிக்காய், இன்னோர் ஓரத்தில் ஒரு சொட்டுக் கீரை, மேலே ஒரு துண்டு மீன், அப்பளம். குழம்பு மிஞ்சினால் அதற்குச் சோறு, சோறு மிஞ்சினால் அதற்குக் குழம்பு. முடிவே வராது.

ஒரு தேத்தண்ணிக் கப்பை எடுத்துச் சோற்றை அளந்து பாருங்கள். தட்டையாக நிரப்பின ஒரு கப் சோறு ஏறத்தாழ 200 கலோரி. நான் அளந்தபோது என் கோப்பையில் மூன்றரைக் கப் இருந்தது. சோற்றை நிற்பாட்ட வேண்டாம். யாழ்ப்பாணத்தில் மத்தியானம் சோறு இல்லாமல் ஒரு மாதம் தாக்குப்பிடித்தவரை நான் கண்டதில்லை. கிழமைக்கு அரைக் கப்பாகக் குறைத்து ஒன்றரைக் கப்புக்குக் கொண்டுவாருங்கள்.

அந்த இடத்தை நிரப்ப வேண்டும், வெறுமையாக விட்டால் பசிக்கும். பரிமாறும் ஒழுங்கை மாற்றுங்கள். முதலில் கோப்பையின் அரைவாசிக்கு மரக்கறி: முருங்கையிலை வறை, கீரைக் கடையல், பயற்றங்காய், புடலங்காய், வாழைப்பூ, வெள்ளரிக்காய்ச் சம்பல், எது திருநெல்வேலிச் சந்தையில் மலிவோ அது. அடுத்து ஒரு காலுக்கு மீன், முட்டை, கோழி அல்லது தடித்த பருப்பு. மிச்சம் இருக்கிற காலில்தான் சோறு. சோறு கடைசியாகப் போனால் கை தானாகவே நிற்கும். இந்த ஒரு மாற்றம் எனக்குச் செய்ததை வேறெதுவும் செய்யவில்லை.

புரதக் கணக்கு: மெலியும் காலத்தில் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராம், கொஞ்சம் கூடினாலும் நல்லது. 60 கிலோக்காரருக்கு 60 கிராம். 100 கிராம் மீனில் சுமார் 20, ஒரு முட்டையில் 6, ஒரு கப் தடித்த பருப்பில் 15க்கு மேல். நெத்தலி, சூடை எல்லாம் விளைமீனுக்குக் குறைந்ததில்லை. சிறுநீரக வருத்தக்காரர் மட்டும் புரதத்தைத் தாமாகக் கூட்டக்கூடாது, கிளினிக்கில் கேட்க வேண்டும்.

எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. கத்தரிக்காயைப் பொரித்துக் குழம்பு வைத்தால் அது எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்பது சமைப்பவருக்குத் தெரியும். பொரித்த குழம்பைக் கிழமைக்கு ஒரு நாளாக்கி, மற்ற நாட்களில் பால்கறி வையுங்கள், அதிலும் கட்டிப்பாலைக் குறைத்து.

ஐந்தாம் படி: நாலு மணிக்கு ஒரு காவல்

வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் இடத்திலேயே தேத்தண்ணிக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ், பற்றீஸ், வாய்ப்பன், வடை, சுசியம். மத்தியானம் சாப்பிடாதவர் அதைக் கடந்து போவார் என்று நான் நம்பமாட்டேன். நான் கடக்கவில்லை. இரண்டு ரோல்ஸும் ஒரு பால் தேத்தண்ணியும் குடித்துவிட்டு, "மத்தியானம் சாப்பிடேல்லைத்தானே" என்று எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

பையில் ஏதாவது இருக்கட்டும். ஒரு கைப்பிடி கச்சான், அவித்த கடலை, கௌபி, கொய்யாப்பழம், ஒரு போத்தல் மோர். மாசி பங்குனியில் பனங்கிழங்கும் நல்லது, நார்ச்சத்து நிறைய, மென்று முடிக்கவே நேரம் எடுக்கும். இரண்டு கிழங்கோடு நிறுத்திக்கொண்டால் சரி.

விரதகாரருக்கு

எங்கள் ஊரில் சாப்பாட்டை விடுவது புதுப் பாஷன் இல்லை. வெள்ளி, கந்தசஷ்டி ஆறு நாள், கேதாரகௌரி இருபத்தொரு நாள், நல்லூர் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் ஒருநேரம் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். அது முருகனுக்கும் அவர்களுக்கும் இடையிலான கணக்கு, அதற்குள் தராசைக் கொண்டுபோக வேண்டாம். மெலிவதற்காக விரதம் பிடிப்பவர்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன்: அந்த ஒருநேரத்துக்கு இலையில் என்னென்ன விழுகிறது? ஆறு கறி, பொரியல், அப்பளம், மோர்மிளகாய், வடை, பாயாசம், தயிர். பிறகு இரவுக்கு "பலகாரம் சாப்பிடலாம்". இரண்டு வேளையின் கலோரி ஒரே இலையில்.

தண்ணீர் குடிக்கலாம் என்ற விரதமாக இருந்தால் நன்றாகக் குடியுங்கள். பாறணையன்று வெறும் வயிற்றில் எண்ணெய்ப் பலகாரத்தோடு தொடங்காமல் சோறு, பருப்பு, கீரை என்று மெல்லத் தொடங்குங்கள். நீரிழிவுக் குளிசை எடுப்பவர்கள் சஷ்டிக்கு இரண்டு கிழமை முன்பே வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள், அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டி வரலாம். குளிசையை மட்டும் போட்டுக்கொண்டு சாப்பாட்டை விட்ட மாமி ஒருவரை எங்கள் ஒழுங்கையிலிருந்தே தூக்கிக்கொண்டு போனோம்.

ஏற்கனவே வேளை விட்டுப் பழகியவர்கள் திரும்புவது எப்படி

ஒரேயடியாக மூன்று வேளைக்கும் போனால் வயிறு ஊதும், மனம் பயப்படும். முதல் நாலு நாள் காலையில் ஒரு முட்டையும் ஒரு பழமும் மட்டும். பிறகு மத்தியானம் ஒரு கப் சோற்றோடு மேலே சொன்ன கோப்பை. இரவு தானாகச் சுருங்கத் தொடங்கும், அதை நீங்கள் சுருக்க வேண்டியதில்லை.

இப்போது கவனமாகக் கேளுங்கள்: முதல் கிழமை நிறை ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோகூடக் கூடும். முன்பு சொன்ன கிளைக்கோஜனும் தண்ணீரும் திரும்பி வருகிறது, கொழுப்பு அந்த வேகத்தில் ஏறாது. இந்த இடத்தில் பயந்து திரும்பவும் சாப்பாட்டை விட்டவர்கள்தான் அதிகம். நானும் இரண்டு தரம் விட்டேன். அந்தப் பத்து நாளும் தராசைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுங்கள். பிறகு கிழமைக்கு ஒருநாள், விடிய எழும்பி, மலசலம் முடித்து, சாப்பிட முன் பாருங்கள், அதே உடுப்போடு. பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டித் தண்ணீர் கூடும், ஆகவே போன மாதத்தின் அதே கிழமையோடு ஒப்பிடுவது நல்லது.

நடை பற்றிச் சுருக்கமாக. கிழமைக்கு 150 நிமிட விறுவிறு நடை, அதோடு இரண்டு நாள் தசைக்கு வேலை. பண்ணைப் பக்கம் கடற்காற்றில் நடக்கலாம், ஆரியகுளத்தைச் சுற்றலாம், ஒழுங்கைக்குள்ளும் நடக்கலாம். தசைக்குக் கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பது பத்துத் தரம், சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்துத் தரம் போதும் தொடங்க. கிணற்றில் கையால் தண்ணீர் அள்ளுபவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

இரவு

எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடிக்கப் பாருங்கள். அதன்பிறகு குசினி பூட்டு. நேரக் கட்டுப்பாட்டில் ஆசை உள்ளவர்களுக்கும் இதுவே போதும்: இரவு ஏழரைக்கு முடித்து விடிய ஏழரைக்குச் சாப்பிட்டால் பன்னிரண்டு மணித்தியாலம் வயிறு ஓய்வாக இருக்கும், ஒரு வேளையையும் விடத் தேவையில்லை. இரவுக்குத் தோசை இரண்டு, இடியப்பம் நாலு, புட்டு ஒரு கப், எதுவென்றாலும் கறியும் பருப்பும் சேர்த்து. கொத்துரொட்டி வாங்கும் நாள் வரும், வந்தால் ஒரு பார்சலை இருவர் பங்கிடுங்கள்.

அப்புறம், மிஞ்சும் சாப்பாடு. எங்கள் வீட்டில் புட்டு மிஞ்சாத இரவு இல்லை. முன்பு அது நீத்துப்பெட்டியிலேயே கிடக்கும், நானும் அதைத் தேடிப் போவேன். இப்போது சாப்பிட்டு எழும்பினதும் ஒரு மூடிப் பெட்டியில் போட்டு, பிரிட்ஜின் கீழ்த்தட்டில், அம்மாவின் கண்டல் கத்தரிக்காய்களுக்குப் பின்னால் வைத்துவிடுகிறேன். விடிய வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கி, ஒரு முட்டையை உடைத்துவிட்டு, அந்தப் புட்டை உதிர்த்துப் போட்டுக் கிளறினால் ஐந்து நிமிடத்தில் காலைச் சாப்பாடு. கறிவேப்பிலையைக் கடைசியில் போடுங்கள்.